பொய் நட்சத்திரங்களைப் பிடித்தவர்

என் தங்கை வீட்டுக்காரருக்கு எதையும் நம்பத் தெரியாது. கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி என்றால் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு மாத்திரை வாங்கக் கிளம்பிவிடுவார். ஆனால், "இன்னைக்கு உங்க சட்டை நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிப் பாருங்கள். உடனே குனிந்து சட்டையைப் பார்ப்பார். எங்காவது கறை இருக்கிறதா, பொத்தான் மாற்றிப் போட்டிருக்கிறோமா என்று தேடுவார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். "என்ன மச்சான், ஏதாச்சும் உதவி வேணுமா?" என்பார். சட்டை நன்றாக இருந்ததால்தான் சொன்னேன் என்று அவரை நம்ப வைப்பதற்குள் எனக்கே அந்தச் சட்டை பிடிக்காமல் போய்விடும்.

நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். எங்கள் தொழிலில் பொய்க்கு இடமில்லை. கேஸ் இருந்தால் குளிரும், இல்லாவிட்டால் குளிராது. அதனாலோ என்னவோ, மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிற பழக்கம் எனக்கு. என் வாய்க்குப் பூட்டு போட வேண்டும் என்று தங்கை அடிக்கடி சொல்வாள். இப்படிப்பட்ட மச்சானுக்கு அப்படிப்பட்ட மாப்பிள்ளை. எங்கள் இருவரையும் ஒரே சோஃபாவில் உட்கார வைத்துவிட்டு அவள் எப்படி நிம்மதியாகச் சமைத்தாளோ தெரியாது.

அவர் வேலை பார்ப்பது வானத்தைக் கணக்கெடுக்கிற ஒரு நிலையத்தில். ஜோசியமா என்று கேட்டு ஆரம்பத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொலைநோக்கி எங்கேயோ ஒரு மலையுச்சியில் இருக்கிறது. அவர் அதை நேரில் பார்த்ததே இல்லை. அங்கே இரவில் எடுக்கிற படங்கள் காலையில் இவர்கள் அறைக்கு வந்து சேரும். அறை என்றால், காப்பீட்டு அலுவலகத்துக்கு மேலே மூன்றாவது மாடி. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். யாராவது நாற்காலியை நகர்த்தினால் எல்லோரும் நிமிர்ந்து முறைப்பார்கள், அவ்வளவு அமைதி. அவருடைய வேலைக்கு 'ஸ்கேனர்' என்று பெயர். மெஷின் இல்லை, ஆளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

குடும்பத்தோடு வந்து பார்க்கலாம் என்று ஒருநாள் அனுமதித்தார்கள். நானும் போனேன். திரையில் ஒரு படத்தை விரித்துக் காட்டினார். கறுப்புத் துணியில் பொடி உப்பைக் கொட்டினது மாதிரி இருந்தது.

"அடேயப்பா, எவ்வளவு நட்சத்திரம்!" என்றேன்.

"இதுல பாதிக்கு மேல நட்சத்திரமே இல்ல மச்சான். ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் கோடி கோடியா நட்சத்திரம். இதோ இந்தச் சிவப்பு இருக்கு பாருங்க, இது வயசானது. புதுசா நட்சத்திரம் பிறக்கிறது நின்னு போச்சு. இந்த நீலம் இன்னும் பெத்துக்கிட்டே இருக்கு. இங்க ரெண்டு ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு வாலை நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. இன்னும் பல கோடி வருஷத்துல ஒண்ணாயிடும்."

சட்டையைக் குனிந்து பார்க்கிற மனிதரா இவர் என்று இருந்தது. குரலே வேறு. ஒரு சின்னப் பையன் தன் பொம்மைப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

வேலை இதுதான். வானத்தின் ஒரே பகுதியைச் சில நாளைக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார்கள். புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழிக்கிறார்கள். மாறாதது எல்லாம் அழிந்துபோகும். மாறினது மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கம்ப்யூட்டர் அந்தப் புள்ளிகளைப் பொறுக்கி, பழசு, புதுசு, மிச்சம் என்று மூன்று சின்னக் கட்டங்களாக இவர் முன்னால் வைக்கும். இவர் பார்த்துவிட்டு 'ஆமாம்' அல்லது 'குப்பை' என்று சொல்ல வேண்டும். குப்பைதான் அதிகம். படம் துளி நகர்ந்திருந்தால் ஒரு பொய்ப் புள்ளி. செயற்கைக்கோள் குறுக்கே போனால் ஒரு கோடு. கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் ஒரு வட்டம். இத்தனைக்கும் நடுவில் எப்போதாவது ஒன்று, ஒரு கேலக்ஸியின் ஓரத்தில், முந்தின வாரம் இல்லாத இடத்தில் நிற்கும். அது வெடித்துச் சாகிற நட்சத்திரம்.

"சில வாரத்துக்கு, அந்தக் கேலக்ஸி முழுசுக்கும் ஈடா இது ஒண்ணே எரியும் மச்சான். நம்ம கேலக்ஸி மாதிரி ஒண்ணுல நூறு வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் வெடிக்கும். அதனாலதான் லட்சக்கணக்குல பார்க்கிறோம். எங்கயாவது ஒண்ணு வெடிச்சுக்கிட்டே இருக்கும்."

"இது எப்ப வெடிச்சது?"

"மனுஷனே இல்லாத காலத்துல. வெளிச்சம் இப்பத்தான் வந்து சேருது."

"அது செத்து அத்தனை காலம் ஆச்சு. அதுக்கா நீங்க தினமும் காலையில டீயைக்கூட முழுசாக் குடிக்காம பஸ் பிடிக்க ஓடுறீங்க?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "வந்த வெளிச்சம் சில வாரத்துல மங்கிடும் மச்சான். நாங்க உடனே சொன்னாத்தான் பெரிய தொலைநோக்கியைத் திருப்பி, அந்த வெளிச்சத்தைப் பிரிச்சு, அது எப்படிப்பட்ட நட்சத்திரம், எவ்வளவு தூரத்துல இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியும். விட்டா போச்சு" என்றார். என் ஸ்பானரில் இருக்கிற இரும்பெல்லாம் இப்படி வெடித்த நட்சத்திரங்களில் உண்டானதுதான் என்றும் சொன்னார். அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை. ஸ்பானர் எனக்குச் சோறு போடுகிற சாமான்.

இனி வீட்டு விஷயம். என் தங்கையின் முதல் கணவர் ஒரு விபத்தில் இறந்துவிட்டார். பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. இவரைத் தங்கை கல்யாணம் செய்துகொண்டபோது பாப்பாவுக்கு ஆறு. வளர்ந்து வேலைக்குப் போகிற பெண்ணை இன்னும் பாப்பா என்கிறோம், அவளுக்கும் பழகிவிட்டது. கல்யாணமான புதிதில் அவள் இவரை மாமா என்றும் சொல்லவில்லை, அங்கிள் என்றும் சொல்லவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்ப்பாள். இவரோ அவளுக்கென்று கால்சட்டைப் பையில் மிட்டாயை வைத்துக்கொண்டு, எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் தவிப்பார்.

என் தங்கைக்குப் பொறுமை கிடையாது. எங்கள் குடும்ப வியாதி அது. அவள் பாப்பாவை உட்கார வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தியிருக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாப்பா நேராக அவர் முன்னால் வந்து நின்று, "அப்பா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். அந்த மனிதர் ஒரு கையில் ஷூவோடு அப்படியே நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பாப்பா அவரைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "சொல்லிட்டேன். இப்ப கலர் பென்சில் டப்பா தர்றியா?" என்றாள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு பாப்பாவுக்குச் சமமாகக் குனிந்து, "உனக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்பிடும்மா, போதும்" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் பாப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவரை எப்படியும் கூப்பிடவே இல்லை. "இங்க பாருங்க", "சாப்பாடு ரெடி", "உங்களுக்கு ஃபோன்" என்பதோடு சரி. வெளியாட்களிடம் 'அவர்' என்பாள். பதினைந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு ஒருவரைக் கூப்பிடாமலே பேசுவது எவ்வளவு சிரமம் என்று நீங்களே ஒரு நாள் முயற்சி செய்து பாருங்கள். அவள் சமாளித்தாள்.

அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. அவர் காய்ச்சலில் படுத்தால் இவள் கல்லூரிக்குப் போக மாட்டாள். தலைமாட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "உங்க அம்மா இருக்கச் சொன்னாங்களா?" என்று கேட்பார் இவர். அவள் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாலும் அதே கேள்விதான். அந்தப் பென்சில் டப்பா அன்றோடு முடிந்தது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவருக்குச் சந்தேகப்படுவதற்கே சம்பளம் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. போன வருடம் அந்த நிலையத்தில் ஒரு புது முறை கொண்டுவந்தார்கள். வருகிற படங்களில் அவர்களே அங்கங்கே பொய் நட்சத்திரங்களைக் கலந்துவிடுவார்கள். ஏதோ ஒரு கேலக்ஸியின் ஓரத்தில், கம்ப்யூட்டரால் செய்த ஒரு புள்ளி. எது பொய் என்று ஸ்கேனர்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்து, இந்த வாரம் நாங்கள் போட்டது இவை என்று காட்டுவார். அவரை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். நட்சத்திரச் சாவுகளை எண்ணிக் கட்டுரை எழுதுகிற விஞ்ஞானி.

முதல் வாரமே மாப்பிள்ளை ஒன்றைப் பிடித்துவிட்டார். அழகான புள்ளி, சுருள் கேலக்ஸியின் கை நுனியில். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பெரிய டப்பா ஐஸ்கிரீமோடு வந்தார். வாயெல்லாம் பல். எனக்கு ஃபோன் செய்து வரச் சொல்லி, எனக்கும் ஒரு கிண்ணம். வெள்ளிக்கிழமை தெரிந்தது, அது அவர்கள் போட்ட பொய். மற்ற ஸ்கேனர்களும் ஏமாந்துதான் இருந்தார்கள். சிரித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். இவருக்கு மட்டும் மூக்கு உடைந்தது.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பொய்ப் புள்ளி ரொம்ப உருண்டையாக இருக்கும், ஓரம் ரொம்பச் சுத்தமாக இருக்கும் என்று கண்டுகொண்டார். அப்படி எது வந்தாலும் 'குப்பை' என்று ஒதுக்கினார். வெள்ளிக்கிழமை மேடம் காட்டும்போது, நான் ஏமாறவில்லை என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் அவருக்கு 'வடிகட்டி' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரில் அவருக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என் பட்டறையில் வந்து காலை ஆட்டிக்கொண்டு சொல்வார்: "எனக்குக் காது குத்த முடியாது மச்சான்."

இந்தச் சமயத்தில் பாப்பாவுக்கு வேலை கிடைத்தது. பஸ்ஸில் பாதி நாள் போக வேண்டிய ஊர். ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில். கிளம்புவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தங்கை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நான்கு பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். பாப்பா தங்கப் போகிற விடுதியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாகக் கையை நீட்டி, "அப்பா, அந்தத் தண்ணி ஜக்கை இப்படித் தள்ளுங்க" என்றாள்.

தங்கை கரண்டியோடு அசையாமல் இருந்தாள். பாப்பாவே கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரிதான் தெரிந்தாள். காது நுனி சிவந்துவிட்டது. ஆனால் நீட்டின கையை அவள் மடக்கவில்லை.

மாப்பிள்ளை ஜக்கைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். ஒரு சிரிப்பு சிரித்தார். "இந்தத் தடவை உங்க அம்மா என்ன வாங்கித் தர்றதாச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

பாப்பா கையை எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டாள். எழுந்து போய்த் தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிக்கூட அறையவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைங்க. சத்தியமா இல்ல" என்றாள் தங்கை. குரல் உடைந்தது.

"சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன்பா. அதுக்கு ஏன்..."

"மாப்பிள்ளை, எனக்கு வாயில நல்லா வருது. தங்கச்சி இருக்கான்னு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பதினைந்து வருடம் காத்திருந்தவருக்கு, அது வந்தபோது வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே!

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானம், நான் ஒரு ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார். வேலை நேரத்தில் வருகிற ஆள் இல்லை. பழைய கம்ப்ரஸர் பெட்டி மேல் உட்கார்ந்தார். எனக்கு இன்னும் கோபம், கழற்றுகிற வேலையிலேயே கண்ணாக இருந்தேன். அவரே பேசினார்.

பெரிய மேடம் அவரை அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அதற்கு முன்பே கண் டாக்டரிடம் அனுப்பியிருந்தார்கள். டாக்டர் கண் கிண்ணென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஏன் இப்படி என்று மேடத்துக்குக் குழப்பம். "பத்து பொய்ப் புள்ளி போட்டா மத்தவங்க எட்டு, ஒன்பது பிடிக்கிறாங்க. நீங்க நாலுதான் பிடிக்கிறீங்க. உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டிருக்கிறார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "எல்லாம் தெரிஞ்சுது மேடம். பொய்னு கண்டுபிடிச்சுத்தான் தூக்கிப் போட்டேன்" என்றிருக்கிறார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தாராம்.

மேடம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏமாத்துறதுக்காக நாங்க அதைப் போடலைங்க. நிஜமா வெடிக்கிறதுல எத்தனையை நம்ம கண்ணு தவறவிடுதுன்னு எப்படித் தெரியும்? பொய்யை எத்தனை தவறவிடுறீங்கன்னு பார்த்துத்தான் தெரியும். நீங்க பத்துல நாலு சொன்னீங்க. அப்ப நிஜத்துலயும் பத்துல நாலுதான் உங்க கண்ணுக்குப் படுதுன்னு நினைச்சோம். நீங்க நாலு நட்சத்திரம் செத்துச்சுன்னு சொன்னா, நாங்க பத்துன்னு எழுதினோம். உங்க ஒருத்தரால, வானத்துல நடக்காத சாவெல்லாம் எங்க கணக்குல ஏறியிருக்கு."

இவ்வளவும் எனக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்தபோது சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அது போகட்டும் மச்சான். கணக்கைத் திருப்பிப் போட்டுடலாம்னு சொன்னாங்க. ஆனா நான் குப்பைன்னு போட்டதையெல்லாம் எடுத்து இன்னொரு தடவை பார்த்திருக்காங்க. அதுல மூணு அவங்க போட்டது இல்ல. நிஜம். உண்மையாவே வெடிச்ச நட்சத்திரம்."

"அதை ஏன் தூக்கிப் போட்டீங்க?"

"மேடமும் அதைத்தான் கேட்டாங்க. ரொம்ப அழகா இருந்துச்சுன்னு சொன்னேன். அவ்வளவு சுத்தமா நிஜம் எனக்கு முன்னாடி வந்து நிக்காதுன்னு நினைச்சேன்." கையில் இருந்த நட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். "இப்ப அதைப் பார்க்க முடியுமான்னு கேட்டேன். மங்கிப் போச்சுன்னு சொல்லிட்டாங்க. எத்தனையோ கோடி வருஷம் வந்த வெளிச்சம் மச்சான். என் மேஜை வரைக்கும் வந்துச்சு."

வேலை போகவில்லை. மேடம் அவரைத் திட்டவும் இல்லை. "பொய் எது, நிஜம் எதுன்னு பிரிக்கிறது உங்க வேலை இல்லை. எங்க போட்டோம்னு எங்ககிட்ட இருக்கு. புள்ளி தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க, போதும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் நட்டைத் தரையில் வைத்தார். பிறகு கேட்டார்:

"மச்சான், அன்னைக்குப் பாப்பா ஜக்குத்தானே கேட்டா?"

"ஆமா."

"நான் எடுத்துக் குடுத்தேனா?"

"இல்ல" என்றேன். "யாருமே குடுக்கல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பாப்பா கிளம்புகிற அன்று பஸ் நிலையத்துக்கு எல்லோரும் போனோம். பெட்டியை அவர்தான் தூக்கினார், சக்கரம் இருந்தும் தூக்கினார். அதை பஸ்ஸின் வயிற்றுக்குள் வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். "பாப்பா, அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். சுற்றிலும் சத்தம், அவர் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. அவளுக்குக் கேட்டது என்றுதான் நினைக்கிறேன். "பரவாயில்லை. மழை வர்ற மாதிரி இருக்கு, நீங்கல்லாம் கிளம்புங்க" என்றாள். பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். அடுத்த பஸ்காரன் ஹாரன் அடித்துத்தான் அவரை நகர்த்தினான்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவள் அம்மாவோடு ஃபோனில் பேசுவாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பர் படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, "சாப்பிட்டாளான்னு கேளு", "ராத்திரி தனியா நடந்து வர வேண்டாம்னு சொல்லு" என்பார். ஃபோனைக் கொடுத்தால் வாங்க மாட்டார். அவள் அவரோடு பேச வேண்டும் என்று கேட்கவும் இல்லை. என் தங்கைதான் நடுவில் தபால்காரி. அலுவலகத்தில் ஒழுங்காகப் புள்ளி தெரிந்தால் தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். வடிகட்டி என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை.

மூன்று மாதம் இருக்கும். ஒரு விடுமுறை நாள் காலையில் பட்டறையில் என்னோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு ஃபோன் வந்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், படபடவென்று. எனக்கே கேட்டது.

"உங்க பொண்ணு எங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க. குடல்வால் வீங்கிடுச்சு, உடனே ஆபரேஷன் பண்றோம். 'எங்க அப்பாவைக் கூப்பிடுங்க'ன்னு இந்த நம்பரைச் சொன்னாங்க. சீக்கிரம் வாங்க." ஆஸ்பத்திரி பேரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் பாப்பாவின் நம்பருக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வந்த நம்பருக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. எனக்குப் பொறி தட்டியது. இந்த மாதிரி ஏமாற்று ஃபோன்களைப் பற்றிப் பேப்பரில் தினமும் வருகிறதே.

"மாப்பிள்ளை, பதறாதீங்க. இது ஏமாத்துக்காரங்க வேலை. இப்படித்தான் ஆரம்பிப்பாங்க, அடுத்த ஃபோன்ல பணம் அனுப்பச் சொல்லுவாங்க. முதல்ல விசாரிப்போம். நல்லா யோசிச்சுப் பாருங்க, பாப்பாவாவது, உங்களை அப்பான்னு சொல்றதாவது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று பெட்டிக்குக் கீழே போயிருந்தது, மண்டியிட்டு எடுத்தார்.

"மாப்பிள்ளை, இது பொய்யாத்தான் இருக்கும்னு சொல்றேன்ல!"

"பொய்யா இருந்தா நல்லதுதானே மச்சான்" என்றார். "அவ நல்லா இருக்கான்னு அர்த்தம். திரும்பி வந்துடலாம்."

ஷட்டரை இழுத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

தங்கையை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு மூன்று பேரும் பஸ் பிடித்தோம். தங்கை வழியெல்லாம் அழுதாள். அவர் அழவில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து நின்று, டிரைவர் ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று எட்டிப் பார்த்தார். நடுவழியில் ஒரு குலுக்கலில் என் தோளைப் பிடித்தவர் விடவே இல்லை. இரண்டு நாளைக்குத் தோள் வலித்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

பொய் இல்லை. பாப்பா அங்கேதான் இருந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, மயக்கம் தெளிந்துகொண்டிருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். காலையில் ஃபோனில் கேட்ட அதே படபடப்பு.

"ஒருத்தர்தான் உள்ள வரலாம். அப்பா யாரு?"

பெற்ற தாய் என் தங்கை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை அவள். அவள்தான் போவாள் என்று நான் நினைத்தேன். அவளோ அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். "போங்க. உங்களைத்தானே கேட்டா" என்றாள்.

அவர் உள்ளே போனார். நர்ஸ் கதவைச் சாத்தவில்லை. நானும் தங்கையும் வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றோம். பச்சைப் போர்வைக்குள் பாப்பா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சின்னதாகத் தெரிந்தாள். உதடு வெடித்திருந்தது. கையில் ஊசி, மேலே தொங்குகிற பாட்டில். அவர் கட்டில் பக்கத்தில் நின்றார், எங்கே தொடலாம் என்று தெரியாமல் கையைத் தூக்கினார், இறக்கினார்.

அவள் பாதிக் கண்ணைத் திறந்தாள். எதிரில் இருப்பது யார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்பா, வலிக்குது" என்றாள்.

அவர் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. போர்வைக்கு வெளியே கிடந்த அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார்.